மங்களம் பாடாமல் விட்ட நாடகம்

செங்கரட்டில் மழை தவறினாலும் தவறும், தைப்பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை கலைவாணி நாடக மன்றத்தில் படுதா உயர்வது மட்டும் தவறாது. கடலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்து, வியாபாரம் நொடித்துப்போனபின் மன்றமாக மாறிய அந்தத் தகரக் கொட்டகையில் பங்குனி உத்திரம் வரைக்கும் வாரம் ஒரு நாடகம் நடக்கும், சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் கடைசி பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள், மேடையில் எந்த ராஜா செத்தாலும் எந்த ராணி அழுதாலும் கொட்டகை முழுக்க வறுத்த கடலை வாசம்தான் அடிக்கும். அந்த மேடையில் ராணியாகவும் மாமியாராகவும் சக்களத்தியாகவும் சாமியாகவும் பெண் வேஷம் அத்தனையையும் வருஷா வருஷம் கட்டியவள் சொர்ணம்.

அவள் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வருவாள், பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் மாடியில் தங்குவாள், பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள் காலையில் மன்றத்துச் செயலாளர் ரத்தினசபாபதி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பஸ் டிக்கெட் மூன்றையும் வைத்துக் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைப்பார். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது, ஆனால் அது ஊரை விட்டு அனுப்பும் மரியாதை. சொர்ணத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, திண்டுக்கல்லிலும் அவளுக்கென்று வாசல் கிடையாது, சொந்தமாக ஓர் அடுப்பு வைத்துக் காலை நீட்டிப் படுக்க இந்த ஊரில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று ஏங்கினாள். மன்றத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டுக்காகப் போன வருஷம் வீட்டுக்காரி குருவம்மாளிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். குருவம்மாள் நாடகத்தில் சொர்ணம் அழுதால் முந்தானை நனைய அழுகிறவள்தான், ஆனால் அன்றைக்கு நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டு, நாடகக்காரிக்கு வீடு விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கொடுத்து, குடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே வெளியே போட்டுவிடச் சொன்னாள்.

இந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்ததும் யாரும் வேஷத்தைக் கலைக்காமல் மேடையில் வரிசையாக நின்று மங்களம் பாட வேண்டும். நாயகி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இரண்டாம் காட்சியில் செத்தவனும் எழுந்து வந்து பாட வேண்டும், கொன்றவன் அவன் தோளை ஒட்டி நிற்க வேண்டும், அதற்கப்புறம்தான் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அரிதாரத்தைத் துடைக்கலாம். எதற்கு இந்த வழக்கம் என்று யாரும் கேட்டதில்லை; கேட்டிருந்தால் வந்த வினையைத் தவிர்த்திருக்கலாம்.

அந்த வருஷம் முதல் நாடகத்தை எழுதியவர் உயர்நிலைப் பள்ளி வரலாற்று வாத்தியார் இளங்கண்ணன். செல்லத்தாயி என்ற ஒரு விதவைத் தாய், அவளுடைய ஒரே மகன் முத்தையா பிழைப்புத் தேடி மலேசியாவுக்குப் போகிறான், போனவன் போனவன்தான், கடைசிக் காட்சியில் அவள் விளக்கேற்றி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், படுதா இறங்குகிறது. ஒத்திகையின்போதே வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார், துக்கத்துக்கு மங்களம் பாடுவதைப் போல அபத்தம் உலகத்தில் கிடையாது, ஜனங்கள் கனத்த நெஞ்சோடு வீட்டுக்குப் போகட்டும் என்று. செயலாளருக்கு மனசில்லை, ஆனாலும் படித்தவர் சொல்கிறார் என்று தலையை ஆட்டினார். மகனாக நடித்தவர் மின்வாரிய லைன்மேன் துரைப்பாண்டி. பனைமரத்துக்குச் சட்டை போட்டது போல இருப்பார், மூக்கும் முழியும் வேறு ஜாடை. அவரைக் காட்டி சொர்ணம், 'என்னையே உரிச்சு வச்ச மாதிரி எம் புள்ள' என்று வாத்தியார் எழுதிய வசனத்தைச் சொன்னபோது கொட்டகையே சிரித்தது. கடைசிக் காட்சியில் அதே கொட்டகை விசும்பியது. படுதா இறங்கியது, யாரும் பாடவில்லை, சொர்ணம் முகத்தைக் கழுவிக்கொண்டு லாட்ஜுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் காலை செயலாளர் கொட்டகையைத் திறந்தபோது மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பெஞ்சில் வெள்ளைச் சேலையோடு செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவர் அதை சொர்ணம் என்றே நினைத்து, வேஷத்தைக் கலைக்காமல் இதென்னம்மா கூத்து என்று அதட்டிக்கொண்டிருக்கும்போதே கையில் டீ கிளாஸோடு சொர்ணம் பின்பக்கமாக வந்தாள். செயலாளர் இந்த முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, மங்களம் பாடாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தம்மாவுக்கும் நாலு இட்லி வாங்கி வரச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நாடகத்துக்கு மேடை வேண்டுமே, பெஞ்சோடும் விளக்கோடும் செல்லத்தாயியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசனை வந்தபோது குருவம்மாள் தானாகவே முன்வந்து, பின்னால் என் வீடு சும்மாதானே கிடக்கிறது, பாவம் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற மனுஷி, அவள் இருந்துகொள்ளட்டும் என்று சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாவியைச் செல்லத்தாயி இடுப்பில் செருகிக்கொண்டதை சொர்ணம் வாசலில் நின்று பார்த்தாள். தன் முகத்துக்குக் கிடைத்த வீடு தனக்குக் கிடைக்கவில்லை என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஊர் செல்லத்தாயியைப் புது மருமகளை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டது. நாடகத்தில் அவள் கம்பங்கூழ் மட்டும்தான் காய்ச்சுவாள் என்பதால் அவளுக்கு வேறெதுவும் சமைக்கத் தெரியவில்லை, தெருப் பெண்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக் கொடுத்து சாம்பாரும் ரசமும் மீன்குழம்பும் அவளுக்குக் கைவந்தன. வாத்தியார் அவளுக்குப் பிறந்த ஊரும் சின்ன வயசும் எழுதவில்லை, கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அது பொறுக்காமல், நீ எங்கள் ஊர்ப் பக்கம்தான், உன்னை ஊருணிக் கரையில் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்று ஒருத்தி ஒரு ஊரைக் கொடுத்தாள், இன்னொருத்தி ஒரு பள்ளிக்கூடத்தைக் கொடுத்தாள், குருவம்மாள் ஒரு படி மேலே போய், நீ எனக்கு அண்ணன் முறைக்கு வாழ்க்கைப்பட்டவள், எனக்கு மதினி, உன் மகன் எனக்கு மருமகன் என்று உறவையே கொடுத்துவிட்டாள். ரேஷன் கார்டுக்குத் தகப்பனார் பெயர் கேட்டபோது எல்லோரும் யோசித்து, உண்டாக்கியவர் அவர்தானே என்று இளங்கண்ணன் பெயரையே சொன்னார்கள். மகளை விடப் பத்து வயசு இளையவரான அந்தத் தகப்பனார் வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். திருப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்புகிற பிள்ளைகள் அவள் கையால் திருநீறு பூசிக்கொள்ளாமல் பஸ் ஏறுவதில்லை, பெற்றவர்களுக்கும் அதில் ஒரு நிம்மதி, நம் பிள்ளைக்கும் சேர்த்து அவள் காத்திருந்துகொள்வாள் என்று.

சொர்ணம் வீம்பாகச் சில வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மாசி மாதத்து வெயிலில் ஒருநாள் ஒத்திகை முடிந்து வரும்போது தலை சுற்றி அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து வந்த செல்லத்தாயி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், நீ எங்கள் வகையறாவா, சாடை தெரிகிறதே என்றாள், வா தங்கச்சி என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், தான் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்த ஊரில் சொர்ணம் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு தினமும் போனாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெங்காயம் உரிப்பதைப் பார்த்தால் யார் யார் என்று குழப்பமாக இருக்கும், ஒருத்தி சிரிக்கும்போது இன்னொருத்தியும் சிரித்தால் கண்ணாடியில் பார்ப்பது போலிருக்கும்.

தினமும் போனதால்தான் மற்றவர்கள் பார்க்காததை சொர்ணம் பார்த்தாள். பொழுது சாயும்போது தெருப் பெண்கள் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள், செல்லத்தாயி விளக்கேற்றி வைத்து பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கத் தொடங்குவாள், அவ்வளவுதான், அந்த முகம் பார்க்கச் சகிக்காது. அந்தக் காட்சி எப்படிப்பட்டதென்று ஊரிலேயே சொர்ணத்துக்குத்தான் தெரியும். மூச்சை விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நெஞ்சைத் திறந்து திறந்து மூட வேண்டும், மேடையில் படுதா இறங்குகிற வரைக்கும் தாக்குப் பிடித்தால் போதும். இவளுக்குப் படுதாவே கிடையாது. சொர்ணம் மேடையில் ஒரே ஒரு தடவை செய்ததை இவள் தினமும் செய்கிறாள்.

சொர்ணம் நேராகச் செயலாளரிடம் போய், அந்த நாடகத்துக்கு மங்களம் பாடிவிடலாம், பாவம் அவளை விட்டுவிடலாம் என்றாள். செயலாளர் பதறிப்போனார். மற்ற நாடகங்களின் மங்களம் அவளை ஒன்றும் செய்வதில்லை, அவளுடைய நாடகத்துக்கு மங்களம் பாடினால் அவள் போய்விடுவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, அதனாலேயே அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது, அவளால் கொட்டகையும் நிறைகிறது, இன்னொரு தடவை மங்களம் கிங்களம் என்று வாயைத் திறந்தால் அடுத்த வருஷம் உனக்கு அழைப்பு வராது என்று கண்டிப்பாகச் சொன்னார். கேள்விப்பட்ட குருவம்மாள் தெருவில் வைத்தே கேட்டாள்.

"எங்க மதினிக்கு நாங்க வீடு குடுத்தோம், சோறு குடுத்தோம். உனக்கு ஏன் பொறுக்கல?"

அதில் பாதி உண்மை என்று சொர்ணத்துக்கே தெரியும்.

பிள்ளையாவது வந்து சேரட்டும் என்று அவள் வாத்தியாரைப் பிடித்தாள். போனவன் வரமாட்டான், அதுதான் வாழ்க்கை, அதுதான் இலக்கியம் என்று அவர் முரண்டு பிடித்தார். ஒருநாள் சாயங்காலம் அவரைக் கையோடு இழுத்து வந்து அந்த வாசலுக்கு எதிரே நிறுத்தினாள் சொர்ணம். செல்லத்தாயி விளக்கேற்றுவதையும், உட்காருவதையும், சைக்கிள் சத்தம் கேட்டு எழுவதையும், திரும்ப உட்காருவதையும் வாத்தியார் பார்த்தார். ரேஷன் கார்டில்தான் என்றாலும் தகப்பன் தகப்பன்தான். அன்றைக்கே, மகன் திரும்பி வருகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

மறுநாள் துரைப்பாண்டி பவுடர் போட்டு, தலையைப் படிய வாரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு 'அம்மா' என்று உருகியபடி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். செல்லத்தாயி வாய் நிறையச் சிரித்தாள்.

"வாங்க தம்பி. முந்தாநாள் வந்து பியூஸ் போட்டுட்டுப் போனீங்களே, நல்லா எரியுது. டீ குடிக்கிறீங்களா?"

வாத்தியார் எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் விடாமல் சொல்லிப் பார்த்தார், நான்தான் முத்தையா என்று மார்பில் அடித்துக்கொண்டும் பார்த்தார். அவள் பாவப்பட்டு அவருக்குக் காபியே போட்டுக் கொடுத்தாள். என் பிள்ளையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா தம்பி, அவன் என்னையே உரித்து வைத்த மாதிரி இருப்பான் என்றாள். அடுப்படியில் நின்ற சொர்ணம் அதைக் கேட்டாள். மேடையில் தான் சொல்லி, ஊரே சிரித்த வசனம் அது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. சொர்ணம் சின்ன வயசில் கம்பெனி நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவள், மீசை வைத்து வாளை உருவினால் முன்வரிசைப் பெண்கள் வெட்கப்படுவார்கள். செல்லத்தாயியை உரித்து வைத்த மாதிரி ஒரு முகம் இந்த உலகத்தில் இருக்கிறதென்றால் அது அவளுடைய முகம்தான். ஆனால் மகன் வேஷத்தில் போய் நின்று மங்களத்தையும் பாடிவிட்டால் என்னவெல்லாம் போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த வருஷத்து அழைப்பு போகும், ஊருக்கு அவள் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச பிரியம் போகும், தங்கச்சி என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கிற ஒரே ஆள் போவாள். பல தினங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தாள். ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் யோசனை முடிந்துவிடும், விடிந்ததும் திரும்ப ஆசை வந்துவிடும், இன்னும் ஒரு நாள் இவள் இருக்கட்டும் என்று.

பங்குனி உத்திரத்தன்று சீசனின் கடைசி நாடகம் நாலு மணிக்கே தொடங்கும். கூட்டத்தை இழுக்க என்ன செய்யலாம் என்று செயலாளர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த சமயம் பார்த்து, நாடகம் முடிந்த கையோடு செல்லத்தாயியையே மேடையேற்றி, அவளுடைய கடைசிக் காட்சியைப் போட்டால் என்ன என்று, சொர்ணம் சொல்லிக் கொடுத்தபடி, வாத்தியார் அவர் காதில் போட்டார். செயலாளர் துள்ளிக் குதித்து விளம்பரத் தட்டி எழுதி பஸ் நிலையத்தில் வைத்தார். செல்லத்தாயிக்கும் ஆட்சேபணை இல்லை, பெஞ்சும் விளக்கும் எங்கே இருந்தால் என்ன, தெரு தெரிந்தால் சரி என்றாள்.

அன்றைக்குக் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் குருவம்மாள் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரத்து ஓட்டைகள் வழியாக மேற்கு வெயில் மேடையில் விழுந்துகொண்டிருந்தது, செல்லத்தாயி விளக்கேற்றினாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், சனங்கள் ஏற்கெனவே மூக்கைச் சிந்தத் தொடங்கியிருந்தார்கள். இடதுபக்கம், அன்றைக்கு முத்தையா எந்த வழியாகப் போனானோ அந்த வழியாக, முழுக்கால் சட்டையும் கையில் தகரப்பெட்டியுமாக ஓர் ஆள் வந்தான். ஒட்ட வெட்டிய தலை, மெல்லிய மீசை. தலைமுடியை சொர்ணம் மத்தியானமே வெட்டிப் போட்டுவிட்டு அன்றைய நாடகத்தை ஒட்டுமுடியோடு முடித்திருந்தாள், இதற்கும் ஒட்டுமுடி வைத்தால் பெற்றவளுக்குத் தெரிந்துவிடும் என்று.

"அம்மா."

செல்லத்தாயி எழுந்தாள். கொட்டகையில் கடலை தின்கிற சத்தம் கூட நின்றுவிட்டது. அவள் மெல்ல நடந்து வந்து அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள், நெற்றியைத் தடவினாள், கண்ணைத் தடவினாள், தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்ப்பது போல அந்த மூக்கைத் தொட்டாள். வியர்வையில் மீசையின் ஒரு ஓரம் பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. செல்லத்தாயி அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, அது ஒட்டிக்கொள்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள். "என் கண்ணு, வந்துட்டியா."

சொர்ணம் வசனத்தை மறந்தாள். வாத்தியார் எழுதிய ஒரு பக்கமும் போன இடம் தெரியவில்லை, அவள் அந்தத் தோளில் முகத்தை வைத்து உண்மையாகவே அழுதாள், அவளுக்காக யாரும் இப்படி வாசலில் காத்திருந்ததில்லை. செல்லத்தாயி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், ஊரே பார்க்க அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"வீட்டைப் பாத்துக்க. அரிசி டப்பாவுல இருக்கு. டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க தங்கச்சி. பாடிரு."

சொர்ணம் பாட வாயைத் திறந்தாள், முதல் அடியில் குரல் உடைந்தது, இரண்டாவது அடியில் ஆர்மோனியம் வந்து கைகொடுத்தது. என்ன நடக்கிறதென்று புரிந்து செயலாளர் கையை ஆட்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடி வந்தார், பாதி வழியில் செல்லத்தாயியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தில் தெருவைப் பார்க்கிற பார்வை இல்லை. முன்வரிசையில் குருவம்மாள் எழுந்தாள், சண்டை போடத்தான் எழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவள் முந்தானையை வாயில் பொத்தி, பிறகு எடுத்துவிட்டு, கட்டைக் குரலில் கூடவே பாடினாள். கொட்டகை மொத்தமும் எழுந்து நின்று பாடியது, கடைசி பஸ் போய்விடும் என்ற நினைப்பு ஒருவருக்கும் இல்லை. பாட்டு முடிந்தபோது செல்லத்தாயி இல்லை, அவளுடைய பெஞ்சும் விளக்கும்தான் இருந்தன. யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் காலை செயலாளர் வழக்கம்போல வெற்றிலை பாக்கு, தேங்காய், டிக்கெட்டோடு லாட்ஜுக்குப் போனார், ரூம் காலியாக இருந்தது. சொர்ணம் பின்னால் அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள், இந்த வீட்டிலிருந்தும் இன்றைக்கோ நாளைக்கோ கிளப்பிவிடுவார்கள், அதுவரைக்கும் ஒரு கம்பங்கூழாவது காய்ச்சிக் குடித்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒட்ட வெட்டிய தலையில் வாசல் வெயில் சுரீரென்று பட்டது. வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் குருவம்மாள், பின்னால் தட்டோடு செயலாளர், அவருக்குப் பின்னால் தெருவில் பாதி.

குருவம்மாள் அழுது வீங்கிய கண்ணோடு சொர்ணத்தை மேலும் கீழும் பார்த்தாள். சொர்ணம் கேட்பதற்கு முன்பே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். குருவம்மாள் அதை வாங்கவில்லை. செயலாளரிடம் திரும்பி, பெற்றவள் எல்லோர் கண் முன்னாலும் பிள்ளையிடம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதில் நான் யார் நடுவில், டிக்கெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"வெயில் கொளுத்துது மருமகனே," என்றாள். "கொஞ்சம் தண்ணி குடு."

சொர்ணம் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்துப் பானையில் மொண்டு கொடுத்தாள். குருவம்மாள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்தே குடித்தாள்.